உதடு கூடுகிற வாரம்

அந்த அக்கா என் முகத்தை முதன்முதலாகப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "மூக்கு கொஞ்சம் அவசரப்பட்டு எறங்கிடுச்சி தம்பி. மத்தபடி எல்லாம் ஒழுங்காத்தான் கூடியிருக்கு."

எங்கள் குடும்பத்தில் என் மூக்குக்குத் தனி மரியாதை உண்டு. பெண் பார்க்கப் போனபோது பெண் வீட்டார் என்னிடம் பிடித்திருப்பதாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். என் வேலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பேர்ப்பட்ட மூக்கை, குடிவந்த முதல் நாளே, குழாயடியில், என் மனைவிக்கு முன்னால் ஒருவர் இப்படிச் சொன்னால் ரோஷம் வராதா? குடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அன்று குளிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்ததும் நான்தான்.

தொண்ணூற்று மூன்றில் ஈஜிபுராவில் நாங்கள் குடியேறிய இடம் அது. வரிசையாக ஆறு வீடுகள், ஒரே குழாய், கடைசியில் தகரக் கதவு போட்ட இரண்டு கக்கூஸ். மூன்றாவது வீடு எங்களுடையது, நான்காவது அக்காவுடையது. அவருக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். தனியாக இருந்தார். என்னைப் போலவே தங்கவயல்காரர் என்பதால் ஒட்டிக்கொள்ள ஒரு காரணமும் இருந்தது. அவருக்கு ஒரு பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் மியூசியம் அக்கா என்றுதான் கூப்பிட்டோம்.

மியூசியம் என்றதும் நான் முதலில் கப்பன் பார்க் பக்கம் கல் சிலை, பழைய நாணயம் என்று நினைத்துக்கொண்டு, "டிக்கெட் எவ்வளவுக்கா?" என்று கேட்டேன். அவர் வேலை பார்த்தது ஒரு மருத்துவக் கல்லூரியில், உடற்கூறு படிக்கிற மாணவர்களுக்கான மியூசியத்தில். கண்ணாடி ஜாடிகளைத் துடைப்பது, உள்ளே இருக்கும் மருந்துத் தண்ணீர் குறைந்தால் ஊற்றுவது, அலமாரியில் வரிசையாக இருக்கும் மெழுகுப் பொம்மைகளுக்குத் தூசி தட்டுவது இவைதான் அவர் வேலை. அந்த மெழுகுப் பொம்மைகள் எல்லாம் தலைகள். வயிற்றுக்குள் நாலாவது வாரத்திலிருந்து பத்தாவது வாரம் வரை மனிதத் தலையும் முகமும் கழுத்தும் எப்படி உருவாகின்றன என்று வாரத்துக்கு ஒன்றாகச் செய்து வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் அந்த அறையில்தான் அந்தப் பாடம் நடக்கும். அக்கா கதவோரம் துணியோடு நின்று கேட்பார்.

"நான் பதினாறு வருசமா பர்ஸ்ட் இயர்தான் தம்பி" என்பார். "டாக்டர் ஆனவங்கல்லாம் வெளிய போய்ட்டாங்க. நான் மட்டும் இன்னும் அதே கிளாஸு."

இதனால் அவருக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. மற்றவர்கள் பார்ப்பதுபோல அவரால் ஒரு முகத்தைப் பார்க்க முடியாது. அழகா, கோபமா, சிரிப்பா என்பதெல்லாம் அவர் கண்ணில் படாது. எது எங்கிருந்து வந்தது, எங்கே ஒட்டியது என்றுதான் பார்ப்பார். பேசிக்கொண்டே இருப்போம், அவர் பார்வை நம் மேலுதட்டுக்கு மேலே உள்ள பள்ளத்தில் நிற்கும். நமக்கு அங்கே சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறதோ என்று சந்தேகம் வரும். முதல் ஆறு மாதம் அவரிடம் பேசும்போதெல்லாம் நான் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

இன்னொன்று, அவருக்கு மாதம், வருஷம் எல்லாம் கிடையாது. எல்லாமே வாரம்தான். கேஸ் சிலிண்டருக்குப் பதிந்து மூன்று வாரம், மழை விட்டு இரண்டு வாரம், இரண்டாம் வீட்டுக்காரி தன் நாத்தனாரோடு பேசி ஒன்பது வாரம். வீட்டு ஓனர் வெள்ளையடித்துத் தருகிறேன் என்று சொல்லி இழுத்தடித்தபோது அக்கா கன்னடத்தில் அவரிடம் சொன்னது வரிசை முழுக்கப் பிரசித்தம். "முப்பத்தெட்டு வாரம் ஆயிடுச்சு சார். இந்நேரம் ஒரு முழுக் குழந்தையே பிறந்திருக்கும். உங்கள் சுண்ணாம்பு ஏன் வரவில்லை?"

அந்த ஓனருக்குக் காதுக்கு முன்னால் ஊசி குத்தினாற்போல ஒரு சின்னத் துளை பிறவியிலேயே உண்டு. அது அதிர்ஷ்டத் துளை, அதனால்தான் தனக்கு ஆறு வீடு அமைந்தது என்று அவர் சொல்லிக்கொள்வார். அக்கா அதை உற்றுப் பார்த்துவிட்டு, "காது கழுத்தில்தான் சார் பிறக்கும். ஆறு மேடு சேர்ந்து ஒரு காது. அப்புறம் மெல்ல மேலே ஏறிவரும். உங்களுக்கு இரண்டு மேட்டுக்கு நடுவில் பூச்சு விட்டுப்போச்சு" என்றார். பூச்சு என்றதும் மனிதர் பயந்துபோய் மறுவாரமே கொத்தனாரை அனுப்பிவிட்டார். எங்களுக்கு வெள்ளையடித்தது அப்படித்தான்.

வரிசையில் யாரும் முதலில் அக்கா வீட்டில் கை நனைக்கவில்லை. ஜாடிக்குள் இருப்பதையெல்லாம் தொடுகிற கை என்று பேச்சு. அவர் தினமும் வேலை விட்டு வந்ததும் எலுமிச்சை மூடியால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். அப்படியும் அந்த மருந்து நெடி லேசாக இருக்கும். என் மனைவிதான் ஒருநாள் அவர் கொடுத்த கீரைக் கடைசலை எல்லார் எதிரிலும் குழாயடியில் நின்றே சாப்பிட்டாள். நான் வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக அவளுடைய துணிச்சலை மெச்சிக்கொண்டிருந்தேன். எனக்குப் பசியில்லை என்று சொல்லியிருந்தேன்.

அக்கா சொன்ன கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது வைவா கதை. வாய்மொழித் தேர்வில் மாணவர்கள் திணறினால் அக்காவுக்குப் பொறுக்காது. தேர்வாளரின் முதுகுக்குப் பின்னால் தூசி தட்டுவதுபோல் நின்றுகொண்டு தன் முகத்திலேயே விடையைத் தொட்டுக் காட்டுவார். கீழ்த்தாடை என்றால் தாடையைச் சொறிவார். காது என்றால் முதலில் கழுத்து, அப்புறம் காது. ஒருமுறை ஒரு பெண்ணிடம், கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி முதலில் எங்கே தோன்றுகிறது என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் அழும் நிலை. விடை, நாக்கின் அடிப்பகுதி. அங்கே தோன்றித்தான் கழுத்துக்கு இறங்குகிறது. அக்கா வேறு வழியில்லாமல் நாக்கை முழுசாக வெளியே நீட்டியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தேர்வாளர் திரும்பிவிட்டார்.

"அப்புறம் இன்னாக்கா பண்ணீங்க?"

"இன்னா பண்றது? உள்ள இஸ்துக்கினா திருட்டுத்தனம்னு தெரிஞ்சிடும். அப்படியே நீட்டிக்கினே, 'டீ சுட்டுச்சி சார்'னேன். பொண்ணு பாஸு."

ஒருமுறை ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனபோது நானும் அந்த மியூசியத்தைப் பார்த்தேன். நான் அறிவியல் நாட்டமுள்ளவன் என்று வரிசையில் பெயர் எடுத்திருந்தேன். ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தாலும் பத்தாம் வகுப்பில் அறிவியலில் எண்பத்தொன்று வாங்கியவன். கோவிலுக்குப் போகமாட்டேன், பிரசாதம் மட்டும் சாப்பிடுவேன். அக்கா நாலாவது வாரத்துத் தலையை எடுத்துக் காட்டினார். முகம் என்று ஒன்று அதில் இல்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி, அதன் கீழே வரிவரியாகக் கழுத்து, அதற்கும் கீழே உப்பலாக ஒன்று.

"அது நெஞ்சு. இதயம். இந்த வாரத்துல மூஞ்சி நெஞ்சு மேலதான் கவுந்துகினு இருக்கும். அப்புறந்தான் கழுத்து நீண்டு ரெண்டும் பிரியும்" என்றார்.

நான் அறிவியல் மனப்பான்மையோடு தலையாட்டிக்கொண்டே ஒரு ஜாடிப் பக்கம் திரும்பினேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது, ஸ்டூலில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தது. காலையில் சாப்பிடவில்லை என்று வீட்டில் சொன்னேன். சொன்னது, ஐந்து இட்லி போட்ட மனைவியிடம்.

தொண்ணூற்று ஐந்தில் தீபாவளியை ஒட்டி ஒரு சூரிய கிரகணம் வந்தது. என் மனைவிக்கு அப்போது ஐந்தாவது மாதம். தங்கவயலில் இருந்து அம்மா இதற்காகவே இரண்டு நாள் முன்னதாக வந்துவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி மேல் கிரகண நிழல் படக்கூடாது, பட்டால் குழந்தைக்கு உதடு பிளந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கத்தி தொடக்கூடாது, ஊசி எடுக்கக்கூடாது. அம்மா ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மனைவியை உள்ளே படுக்க வைத்தாள். தர்ப்பை கிடைக்காததால் தண்ணீர்ப் பானையில் துளசியைப் போட்டுவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து கண்மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அறிவியல்காரனான நான் தெருவில் நின்றேன். எனக்கு ஒரு சமயம் நிமோனியா வந்தபோது எடுத்த மார்பு எக்ஸ்ரேயைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பார்த்தேன். என் விலா எலும்புகளுக்கு நடுவே சூரியன் கடித்த பிஸ்கட்டாக நின்றது. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. எனக்கு நிஜமாகவே மயிர்க்கூச்செறிந்தது. அதைத் தனியாகப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் போய்ப் போர்வையை விலக்கி, "சீக்கிரம் வா, ஒரு நிமிஷம், இந்த மாதிரி இன்னொரு தடவை கிடைக்காது" என்று கூப்பிட்டேன். அவள் தயங்கினாள். "நான் இருக்கேன்ல" என்றேன்.

அந்த இரண்டு சொற்களை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சிவக்கிறது.

அவள் வந்தாள். எக்ஸ்ரே வழியாகப் பார்த்து, "அய்யோ, அழகா இருக்குங்க" என்றாள். அரை நிமிடம் இருக்கும். திரும்பினால் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எக்ஸ்ரே அப்போது என் மனைவி கையில் இருந்தது. நான் இரண்டடி தள்ளி, தெருவைப் பார்ப்பவன்போல நின்றிருந்தேன்.

மாசி மாதத்தில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மேலுதட்டில் இடது பக்கம் பிளவு. அண்ணம் நன்றாக இருக்கிறது, உதடு மட்டும்தான், தைத்துவிடலாம், பத்து வாரம் ஆகட்டும், எடை ஐந்து கிலோ ஆகட்டும் என்று டாக்டர் சொன்னார். அம்மா குழந்தையைக் கையில் வாங்கினாள். ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு படுக்கையில் கிடந்த என் மனைவியைப் பார்த்து, "பாத்துக்கினியா? கிரகணத்துல ஆடிக்கினு வெளிய போனியே, பாத்துக்கினியா?" என்று கேட்டாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மருந்துச் சீட்டைப் படித்தேன். இரண்டு பக்கமும் படித்தேன். பின்பக்கம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

என் மனைவி, 'உங்கள் மகன்தான் கூப்பிட்டார்' என்று சொல்லவேயில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். வந்தவர்கள் குழந்தையையும் தாயையும் மாறிமாறிப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். குழந்தை சப்பிக் குடிக்க முடியாமல் அழும். அவள் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவாள். தலை நிமிரவே மாட்டாள். நான்தான் கூப்பிட்டேன், என்னால்தான் இப்படி ஆயிற்று என்று எனக்குள்ளேயும் ஓடிக்கொண்டிருந்தது. பகுத்தறிவெல்லாம் அடுத்தவன் குழந்தைக்குத்தான்.

ஒருநாள் சாயங்காலம் அக்கா தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் போய் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்ரேயைச் சொன்னேன். கூப்பிட்டதையும் சொன்னேன்.

"தேதி இன்னா?" என்றார்.

"கிரகணமா?"

"அத்த எவன் கேட்டான்? தங்கச்சி கடைசியா தூரமான தேதி."

ஸ்டோர்ஸில் எந்த ராக்கில் எந்த அளவு போல்ட் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இது தெரியவில்லை. வீட்டுக்குள் போய்ச் சுவரில் தொங்கிய பழைய மாதக் காலண்டரை எடுத்துவந்தேன். மனைவி பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தாள். ஒரு வருஷமாகத் தினமும் பார்த்த காலண்டர், அந்தப் புள்ளிகளை ஈ எச்சம் என்று நினைத்திருந்தேன்.

அக்கா புள்ளியிலிருந்து இரண்டு வாரம் தள்ளி விரலை வைத்தார். கரு தங்குவது அங்கிருந்துதானாம். பிறகு விரல் கணுக்களில் வாரம் வாரமாக எண்ணினார்.

"ஒதடு கூடுறது ஏழாவது வாரத்துல. ரெண்டு பக்கத்துலேருந்தும் கன்னம் வரும், மேலேருந்து மூக்கு எறங்கும். மூணும் ஒரே வாரத்துல ஒண்ணு சேரணும். எட்டாவது வாரத்துல வேலை முடிஞ்சிடும். கிரகணம் அன்னிக்கி உன் பொண்ணுக்கு இருபது வாரம். புருவம் மொளச்சிக்கினு இருந்திருக்கும். ஒதட்டுக் கதை முடிஞ்சி பன்னெண்டு வாரம் கழிச்சி வந்த கிரகணம் இன்னா பண்ணும்?"

எனக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்தில் அடுத்த புத்தியும் வந்தது. "அப்போ ஏழாவது வாரத்துல என்ன நடந்துச்சுக்கா?"

அவர் காலண்டரைப் பார்த்தார். ஆடி முதல் வாரம். ஆடிக் கூழ் ஊற்ற வா என்று அம்மா கூப்பிட்டு, என் மனைவி பத்து நாள் தங்கவயலில் அம்மா கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். அக்கா கீரையைக் கீழே வைத்தார்.

"அப்பாடா, ஆள் கெடச்சிட்டாங்கன்னு நெனச்சிக்கினியா? யாரும் ஒண்ணும் பண்ணல தம்பி. ஒரு பக்கம் கொஞ்சம் லேட்டு. அவ்ளோதான். உங்க கம்பெனி பஸ்ஸு லேட்டா வருதே, அதுக்கு எந்தப் பொம்பள கிரகணத்துல வெளிய போனா?"

"அக்கா, இதை நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா எடுபடாது" என்றேன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் கூப்பிட்டதை மட்டும் விட்டுடுங்க" என்றேன்.

அவர் வழக்கம்போல என் மேலுதட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒதடு, தாடை, நாக்கு எல்லாம் ஒழுங்காத்தானே கூடியிருக்கு ஒனக்கு? அப்புறம் ஏன் தொறக்க மாட்டேங்குது?"

குழந்தையைத் தொட்டிலில் போடுகிற நாள் வந்தது. காலை ரயிலில் தங்கவயலில் இருந்து சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் வந்தார்கள். எங்கள் வீட்டில் எட்டுப் பேருக்குமேல் உட்கார முடியாது. மீதிப் பேர் வாசலில் நின்றார்கள். அக்கா கல்லூரிக்குப் போய்விட்டுப் பதினோரு மணிக்கு வந்தார். கையில் ஒயர்க் கூடை, மேலே ஒரு கட்டுப் பசலைக்கீரை. கீரையை எடுத்து வைத்தார். ஈரத் துணியை விலக்கினார். உள்ளே இரண்டு மெழுகுத் தலைகள்.

வேலை போய்விடும் என்று தெரிந்தே எடுத்து வந்திருந்தார். நகரப் பேருந்தில், மடியில் வைத்துக்கொண்டு.

அம்மா எட்டிப் பார்த்து முகம் சுளித்தாள். "இன்னாடி இது, தவளையா?"

"இது நீங்கதாம்மா" என்றார் அக்கா. "நானும் இதான். உங்க புள்ள, உங்க வீட்டுக்காரரு, அதோ வாசல்ல நிக்கிறவங்க எல்லாரும் இதான். ஆறாவது வாரம். பாருங்க, மூக்குக்குக் கீழ ரெண்டு பக்கமும் பொளந்துதான் கீது. பொளந்த ஒதட்டோடதாம்மா எல்லாரும் ஆரம்பிச்சோம்."

என் பெரியப்பா தன் மீசைக்குக் கீழே மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டார். அக்கா இரண்டாவது தலையைக் காட்டினார். எட்டாவது வாரம், உதடு கூடியிருந்தது. வாரங்களை எண்ணிக் காட்டினார். கிரகணம் அன்று இருபது வாரம் என்றார். என் மனைவி தொட்டில் பக்கத்தில் இருந்து நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

அம்மா லேசுப்பட்டவள் இல்லை. கொஞ்சம் யோசித்தாள். "சரி, கிரகணத்தால இல்லன்னே வெச்சிக்குவோம். பெரியவங்க பேச்சை மதிக்காம ஏன் வெளிய போனா? அத்த சொல்லச் சொல்லு!"

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அக்கா மட்டும் பார்த்தார். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன் மேலுதட்டில் விரலை வைத்தார். பிறகு வாயை மெதுவாகத் திறந்து காட்டினார்.

வைவா. எனக்குப் புரிந்துவிட்டது. விடையும் தெரியும். நான்கே சொற்கள். அறை முழுக்கக் காத்திருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"சாம்பார் ஆறுது, எல்லாரும் சாப்பிடலாமா?" என்றேன்.

அக்கா விரலை எடுத்துவிட்டார். தலைகளை ஈரத் துணியில் சுற்றினார். சாப்பிடாமலே போனார். திரும்பிப் போகும் வழியில் மத்தியான வெயிலில் மெழுகு இளகி, ஆறாவது வாரத்தின் நெற்றி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அதற்காக அவருக்கு மெமோ கொடுத்தார்கள். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். "மெமோ வந்து ரெண்டு வாரம் ஆச்சி தங்கச்சி" என்று, வெள்ளையடிப்பதைச் சொன்னதுபோலத்தான்.

பத்தாவது வாரம் தாண்டிக் குழந்தைக்கு உதட்டைத் தைத்தார்கள். அக்கா லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். தையல் போட்ட சின்ன முகத்தைக் குனிந்து பார்த்தார். அவர் ஒரு முகத்தைப் பார்த்து அழுததை அன்று மட்டும்தான் கண்டேன். "லேட்டா வந்தாலும் கூடிடுச்சி" என்றார்.

அதன்பிறகும் நாலைந்து வருஷம் அடுத்த வீட்டிலேயே இருந்தார். என்னோடு சகஜமாகத்தான் பேசினார். அத்திபெலே பக்கம் சின்னதாக ஒரு வீடு அமைந்து கிளம்பியபோது, சாமான் ஏற்றிய டெம்போவில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். ஏதோ நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனேன்.

"உனக்கு ஒரு பேப்பர் அரியர் கீது தம்பி. மறந்துடாத" என்றார். டெம்போ போய்விட்டது.

மறக்கவில்லை. எழுதவும் இல்லை.

இரண்டாயிரத்து இரண்டில் அப்பா காலமான பிறகு அம்மா எங்களோடு வந்து இருந்தாள். மகளுக்கு ஆறு வயது. உதட்டில் மெல்லிய கோடு ஒன்று மட்டும் இருந்தது. ஒருநாள் காலை, நான் கம்பெனிக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் கண்ணாடி முன்னால் நின்று, "ஆயா, எனக்கு மட்டும் ஏன் இங்க கோடு இருக்கு? ஸ்கூல்ல கேக்குறாங்க" என்றாள்.

அம்மா பூ கட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள். "உங்கம்மா நீ வயித்துல இருக்கும்போது கிரகணத்துல வெளிய போனாடி. சொன்ன பேச்சு கேக்கல."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மகள் என் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, என்னைப் பார்த்தபடி, மேலுதட்டுக் கோட்டில் விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அது அவள் வழக்கம்தான். தினமும் செய்வதுதான்.

"நான்தாம்மா அவளை வெளிய கூப்பிட்டேன்" என்றேன். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "அவ வரமாட்டேன்னு தயங்கினா. நான் இருக்கேன்னு சொல்லிக் கூப்பிட்டேன்."

கூரை இடிந்து விழும் என்று நினைத்துத்தான் அத்தனை வருஷம் தள்ளிப்போட்டேன். அம்மா பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆம்பள ஆயிரம் கூப்புடுவான். அவளுக்கு எங்க போச்சு புத்தி?" என்றாள்.

மகள் என்னிடம் வந்தாள். "ஏன்ப்பா கூப்ட்ட?"

"சூரியன் அழகா இருந்துச்சும்மா. அம்மாவும் பார்க்கணும்னு தோணிச்சு."

அவளுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு போனாள். என் மனைவி டிபன் பாக்ஸோடு வாசலுக்கு வந்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். உண்மையைச் சொன்னால், பாராட்டுவாள் என்று நின்றேன்.

"முன்னூத்திப் பதினாலு" என்றாள்.

"என்னது?"

"வாரம்" என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தொட்டில் போட்ட நாளிலிருந்து விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டு போனேன். இரண்டு முறை தப்பியது. மூன்றாவது முறை சரியாக வந்தது. ஒரு வாரத்தைக்கூட அவள் விட்டிருக்கவில்லை.